கரையில் எத்தனை மணி நேரம்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். வாத்தியாரைக் குளிப்பாட்டித் துடைத்து நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. அவருக்கு இடது கை, இடது கால் விழுந்து இரண்டு வருஷமாகிறது. வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. "துண்டை நல்லாப் புழி, ஏழு" என்கிறார்.

ஏழு என்றால் நான்தான். மரிய மதலேனாள் என்பது ஞானஸ்நானப் பெயர். அந்த மதலேனாளிடமிருந்து ஆண்டவர் ஏழு பேய்களை ஓட்டினார் என்று வேதத்தில் இருக்கிறது. கல்யாணமான மாதமே என் புருஷன் சூசைமுத்து வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் தலைமையாசிரியர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அங்கேயும் ஏழுதான்.

சாயங்காலம் மகன் ஆண்டனி ராஜ் ஜெர்மனியிலிருந்து பேசினான். ஜூலையோடு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். அதற்காக எங்கள் இரண்டு பேரையும் சுற்றுலாக் கப்பலில் அனுப்புகிறானாம். "எந்தக் கப்பல்னு நீயே பாத்துச் சொல்லும்மா. தேனியில சுரேஷ்கண்ணன்னு ஏஜெண்ட் இருக்காக, அவுக எல்லாம் வெளக்குவாக."

நானே பார்த்துச் சொல்வதாம். இந்த வீட்டில் ஒரு மின்விசிறி கூட நான் பார்த்து வாங்கியதில்லை.

பிப்ரவரி 15, சனி

தேனிக்குப் போனேன். தங்கச்சி சகாயராணி தேவாரத்திலிருந்து வந்து வாத்தியாரைப் பார்த்துக்கொண்டாள்.

சுரேஷ்கண்ணன் இரண்டு கப்பல்களைக் காட்டினார். பெரியது புத்தம் புதுசு. அறைக்குள் சக்கர நாற்காலி திரும்பும். குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வெளியே பால்கனி, சாம்பார் கூட உண்டாம். ஆனால் எந்த ஊரிலும் ஒழுங்காக நிற்காது. பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் ஐந்தே மணி நேரம். சின்னது பழசு. ஜன்னல் என்று ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக இருக்கிறது. குளியலறையில் ஒருவர் நின்றால் கதவு மூடாது. ஆனால் மார்செய்யில் காலையில் கயிறு கட்டினால் மறுநாள் காலையில்தான் அவிழ்ப்பார்கள்.

"அம்மா, கப்பலுக்காகப் போறவுக ஒரு வகை, ஊருக்காகப் போறவுக ஒரு வகை. ஒரே வீட்டுல ரெண்டு வகையும் இருந்தாத்தான் எனக்குத் தலைவலி" என்றார்.

என் மனசு மார்செய்யிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செயிண்ட் மாக்சிமின் என்று ஒரு ஊர். கோயிலுக்குக் கீழே நிலவறையில் மதலேனாளின் மண்டையோடு இருக்கிறது. அவளைத் துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்களாம். செத்துப்போவாள் என்று நினைத்தார்கள். அவள் அந்தக் கரையில் போய் இறங்கினாள். ஒன்பதாவது படிக்கும்போது கன்னியாஸ்திரி ஒருவர் சொன்ன கதை. அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது, ஒருநாள் அங்கே போய் நிற்க வேண்டும் என்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாத்தியாரிடம் சொன்னேன்.

"மண்டையோட்டப் பாக்கவா பிரான்சுக்கு? எங்கன போனாலும் ஒம் புத்தி கல்லறைக்குத்தான் போகும். கால் வெளங்காதவன் நான் கரையில எறங்கி என்ன செய்ய? எனக்குக் கப்பல்தான ஊரு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. வசதி அவருக்கு, கரை எனக்கு. இதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறென்ன இருக்கிறது? சின்னக் கப்பல் என்றால் அந்தக் குளியலறையில் அவரை எப்படித் திருப்புவேன்? திருப்புகிறவளும் நான்தானே. என் இடுப்பு, என் பாடு. அதற்குக் கூலியாக ஒருநாள் கரை கேட்டால் தப்பா?

பிப்ரவரி 23

"நாற்பது வருஷத்துல நீ எனக்கு ஆக்கிப் போட்டது எதுவும் மனசுல நிக்கலை" என்றார், நல்ல பிள்ளை மாதிரி. மத்தியானம் கஞ்சியை ஆறவிட்டு, உப்புப் போடாமல் கொடுத்தேன். இது மனசில் நிற்கும்.

மார்ச் 2, ஞாயிறு

சுரேஷ்கண்ணனிடம் சின்னக் கப்பல் என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரிடம் சொன்னதும், "ஒன் இஷ்டம்" என்றார். சிரித்த முகம். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கோயில் மைதானத்தில் இந்த வருஷமும் பாஸ்கு போட்டார்கள். பாடுகளின் நாடகம் என்றால் ஊரே கூடிவிடும். நான் போகவில்லை. 1986-க்குப் பிறகு நான் போனதே இல்லை.

கல்யாணமாகி வந்த முதல் ஈஸ்டர் அது. வாத்தியார்தான் பாஸ்கு எழுதி நடத்துவார். மதலேனாள் வேஷத்துக்குச் சேலை வேண்டும் என்று பீரோவிலிருந்து என் மந்திரிச்ச சேலையை எடுத்துப் போனார். பீடத்துக்கு முன்னால் சாமியார் மந்திரித்துக் கையில் கொடுத்த கல்யாணச் சேலை. மீசைகூட மழிக்காத ஒரு ஆள் அதைக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தான். "வாத்தியார் பொண்டாட்டி வந்துட்டாடோய்" என்று சனங்கள் கத்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரித்தது யார்? அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

சேலை திரும்பி வந்தபோது உதட்டுச் சாயமும் கிழிசலுமாக வந்தது. என் அம்மாவை அவளுடைய மந்திரிச்ச சேலையைக் கட்டித்தான் பெட்டியில் வைத்தோம். எனக்கு அது இல்லை.

ஜூன் 12, வியாழன்

டிக்கெட் வந்தது. பெரிய கப்பல். மார்செய்யில் ஐந்து மணி நேரம்.

தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று சுரேஷ்கண்ணனுக்குப் போன் போட்டேன். "சார் மார்ச்லயே மாத்தச் சொல்லிட்டாகம்மா. ரெண்டு பேரும் கலந்து முடிவு பண்ணிட்டோம், வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, கரையில நடக்க முடியாதுன்னாக. மூட்டு இப்பத் தேவலையா?"

உள்ளே போய்க் கேட்டேன். "நீங்க மாத்தச் சொன்னீகளா?"

"ஆமா, சொன்னேன். அஞ்சு மணி நேரம் இருக்குல்ல? அங்கன பக்கத்துல ஏதாச்சும் ஒரு கோயில்ல போயி முட்டி போடு. மண்டையோடு எல்லாம் ஒண்ணுதேன்."

மார்ச்லேருந்து மூணு மாசம். நான் ராத்திரியும் பகலும் அந்த ஊரு வழியப் பாத்துக்கிட்டு, எந்தப் பஸ்சு, எங்கன ஏறணும்னு மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற மாதிரி எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன். இந்த மனுசன் அதப் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. பாத்துப் பாத்து ரசிச்சிருக்காரு. இவர எந்தச் சாமி படைச்சுச்சு?

ஜூன் 13

மூட்டுவலியாம் எனக்கு.

ஜூலை 17, வியாழன். பார்சிலோனா, கப்பலில்

கொச்சியில் ஏறி, இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தோம். பொய் சொல்லக் கூடாது, அறை நன்றாக இருக்கிறது. நாற்காலி வழுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போகிறது. கம்பியைப் பிடித்து அவரே பாதி எழுந்துவிட்டார். மெத்தையில் சாய்ந்தால் இடுப்பு இருப்பதே தெரியவில்லை. அவர் எடுத்த முடிவுதான் சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்காக என்மேல் கோபம் வந்தது.

கடைசி ஊர் ரோம் துறைமுகம். ஆண்டனி அங்கே வந்து நிற்பான்.

ஜூலை 18, வெள்ளி. கடலில்

வாத்தியாருக்கு ஒரு சபை கூடிவிட்டது. மேல்தளத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூடக் கதை சொல்ல, அவர்கள் சிரிக்கிறார்கள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். ஹேமாவதி என்று ஒரு அம்மா, நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க நர்ஸம்மா, இத்தனை பொறுமையா ஆளு எங்கீங்க கிடைக்குது? எங்க மாமியாருக்கும் வேணுமுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சாரு சொன்னாருங்க. வீட்டம்மா தவறி நாலு வருஷமாச்சாமே. பாவம், அப்புறம் நர்ஸ் வெச்சுத்தான் ஆகோணும்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் அவர் வாயைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். ஒரு நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா பொண்டாட்டின்னு சொல்லிருப்பேன்."

நல்ல சேலை. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு.

அவர் மாத்திரைகளை எடுத்து வேளைவேளையாகப் பிரித்து, தலைமாட்டில் வரிசையாக வைத்தேன். ரோம் வரைக்கும் வைத்தேன். என் பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் போட்டேன்.

ஜூலை 19, சனி. செயிண்ட் மாக்சிமின்

இதை எழுதுவது ஒரு சின்ன விடுதி அறையில். கட்டில் கிறீச்சிடுகிறது, பாத்ரூம் மாடிப்படிக்கு அடியில். ஜன்னலைத் திறந்தால் எதிரே கோயில்.

காலையில் கப்பல் கரை சேர்ந்ததும் முதல் ஆளாக இறங்கினேன். "சீக்கிரம் வந்து தொலை, ஏழு. மூணு மணிக்குக் கப்பல் கெளம்பிரும்" என்று பால்கனியிலிருந்து கத்தினார். இரண்டு பஸ் மாறினேன். துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போகவே முக்கால்வாசிப் பொறுமை தீர்ந்துவிட்டது.

நிலவறைக்குப் படி இறங்கிப் போக வேண்டும். கம்பிக் கதவுக்குப் பின்னால், தங்கத்தில் செய்த கூந்தலுக்கு நடுவில் கறுத்துப்போன மண்டையோடு. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. ஜெபம் ஒன்றும் வரவில்லை. அருள்நிறை மரியே பாதியில் நின்றுவிட்டது. உன்னை விட்டுப் போன அந்த ஏழும் எங்கே போச்சுடி ஆத்தா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்த மாதிரி இருந்தது.

மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்புகிற பஸ் வந்து நின்றது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். கப்பலையும் பிடித்திருக்கலாம். நான் எப்படி ஓடுவேன், எனக்குத்தான் மூட்டுவலியாச்சே.

பஸ் போன பிறகு ஒரு ரொட்டி வாங்கித் தின்றேன். நல்ல ருசி.

"கப்பலை விட்டுவிட்டேன். பத்திரமாக இருக்கிறேன். ரயிலில் ரோமுக்கு வருகிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கப்பலுக்குச் சொல்" என்று ஆண்டனிக்கு அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன். நேரம் தெரியாமல் கப்பலை விட்டுவிட்டேன் என்றுதான் அவனிடம் சொல்வேன். இங்கே அப்படி எழுத வேண்டியதில்லை.

இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்? அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? நல்ல கம்பி. அவர் கேட்டு வாங்கினது.

ஜூலை 21, திங்கள். ரோம்

ஆண்டனி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பாவமாக இருந்தது. கப்பலிலிருந்து முதலில் இறங்கி வந்தது ஹேமாவதிதான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கப்பல்காரர்கள் சபையிலேயே வந்து நின்று, அங்கே எல்லோரும் சொன்னதை நம்பி, உங்கள் நர்ஸ் திரும்பவில்லை, வேறு நர்ஸை அனுப்பட்டுமா என்று கேட்டார்களாம். வாத்தியார் முதலில் சரி என்றிருக்கிறார். புது நர்ஸ் வந்து கட்டிலில் புரட்டியதும் தாங்கவில்லை. மேல்தளத்துக்குத் தள்ளிவரச் சொல்லி, எல்லோரையும் பார்த்து, "அது நர்ஸு இல்லை, எஞ் சம்சாரம், அவளக் கூப்பிடுங்க" என்று அழுதாராம்.

"செத்துப்போனதாச் சொன்னீங்களேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டுப்போட்டாருங்க. அப்புறம் அந்த டேபிள்ள ஒருத்தரும் உக்காரலைங்க" என்றார் ஹேமாவதி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வேணும்னேதான் போனீங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

கடைசியாக ஒரு கப்பல்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை நான் போட்டுவிட்ட அதே சட்டை. முகத்தில் நரைமயிர். என்னைப் பார்த்ததும் உதடு கோணிக்கொண்டு போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூட இதைச் சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ராயப்பன்பட்டி

எங்கள் தோட்டத்துக் கொடியில் பன்னீர் திராட்சை கறுத்து வருகிறது. பறிக்க ஆள் விட வேண்டும்.

பூசை முடிந்து வந்து கஞ்சி கொடுத்தேன். உப்புப் போட்டு, சூடாகத்தான். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. கிணற்றடிக்குப் போனால் கூட ஜன்னல் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

பத்து மணிக்குக் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினேன். கடை நாலு வீடு தள்ளி. செருப்பைப் போட்டேன்.

"எத்தன மணிக்கு வருவ, மதலேனா?"

நாற்பது வருஷத்தில் இந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன். நல்ல கை நாற்காலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தெரியலை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.