நட்சத்திரம் குத்திய பை

பாரிஸ்,
ஜனவரி 19, ஞாயிறு மதியம்

அன்புத் தங்கை ரோசெனுக்கு அன்னிக் எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் பழையபடிதான். நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை உன் பார்சல் வந்தது. உன் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பை, மத்தி மீன் டப்பா வந்த அட்டைப்பெட்டியில், பழைய செய்தித்தாள் சுற்றி. கூடவே ஒரு சீட்டு: "நட்சத்திரம் குத்தின பைய நீயே வெச்சுக்க. ஊர் சிரிச்சது போதும்." அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பல்லையும் பார்த்து, மாட்டையும் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாய்.

நீ ஃபோன் எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் யானிடம்தான் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊர் ரொட்டிக் கடை வரிசையில் மதாம் லுகோஃப் உன் பையைக் கையில் வாங்கித் திறந்து பார்த்தாளாம். உள்ளே வொக்லேர் என்ற எங்கள் கடைப் பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு நட்சத்திரம். "அடடே, கடை ஆளுங்களுக்குப் பாதி விலையில தள்ளிவிடுவாங்களே, அதுவா? நான் நெஜப் பைன்னுல்ல நெனச்சேன்" என்றாளாம். வரிசையே சிரித்ததாம்.

நெஜப் பையாம். அவள் வைத்திருக்கும் பையும் இதுவும் ஒரே தோல், ஒரே நூல், ஒரே பட்டறை. அவள் நான்கு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கினாள், அவ்வளவுதான் வித்தியாசம். 

இந்த மாதம் இங்கே ஊரே தள்ளுபடியில் மிதக்கிறது. தள்ளுபடி தொடங்கச் சட்டம் குறித்துக் கொடுத்த நாளில் எல்லாக் கடைக் கண்ணாடியிலும் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். எங்கள் கடையில் மட்டும் வழக்கம்போல ஒன்றும் இல்லை. 'தள்ளுபடி' என்ற சொல்லையே நாங்கள் வாயில் எடுக்கக் கூடாது. யாராவது கேட்டால், "பருவம் மாறினாலும் எங்ககிட்ட விலை மாறாது, மதாம்" என்று சிரிக்க வேண்டும். மேலாளர் மொசியே காஸ்தான் வாரம் தவறாமல் சொல்வார்: "இன்னைக்குக் கொறச்சுக் குடுத்தா, நேத்து முழு விலை குடுத்தவங்க கன்னத்துல அறைஞ்ச மாதிரி."

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. போன வாரம் ஒரு பெண்மணி பையை எடுத்து வைத்துக்கொண்டு, பணம் கட்டுமுன் என் காதருகே வந்து கேட்டாள்: "இது எப்பவும் விலை எறங்காதுல்ல?" இறங்காது என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாளைக்கு வேறொருத்தி இதையே மலிவாக வாங்கி நம்மை ஏமாளியாக்க மாட்டாள் என்ற நிம்மதி. அவர்கள் காசு கொடுப்பது தோலுக்கு மட்டுமில்லை, அதற்கும்தான். சரி, வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அந்த நிம்மதி கெடாமல் இருக்க, எங்கள் பையில் ஏன் சூடு போட வேண்டும்? விற்காமல் நிற்பதை முன்பு எரித்தார்கள். இப்போது சட்டம் விடுவதில்லை. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு ஊழியர்களுக்குத் தருகிறார்கள், மாட்டுக்குக் குறி வைப்பதுபோல நட்சத்திரம் குத்தி. நாள் முழுக்க நின்று விற்கிறவளுக்கு இதுதான் மரியாதை.

உன்மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத என்மேலேயே வருகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் மேசையில் உட்கார்ந்து, "எங்க கடையில விலையே கொறையாது, தெரியுமா" என்று மூக்கை நிமிர்த்திப் பேசியது யார்? அந்தப் பெருமையை ஊருக்குள் விதைத்ததே நான்தான். லுகோஃப் அதை அறுவடை செய்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் பழுது பார்க்கும் பஸ்தியானிடம் பையைக் காட்டினேன். "சின்னத் தோல் துண்டு ஒண்ணு வெச்சுத் தைச்சா நட்சத்திரம் மறைஞ்சிரும், அன்னிக். ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். சரி என்று கொடுத்துவிட்டு, மாடிப்படி இறங்குவதற்குள் திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன். மறைத்தால் லுகோஃப் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஊழியர் விற்பனையில் ஆளுக்கு ஒரு பைதான், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். முன்பெல்லாம் என் முறை வரும்போது வாடகையோ பல் வைத்தியமோ குறுக்கே வந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் இதுதான் நான் எடுத்த முதல் பை. பிறருக்கு வாங்கக் கூடாது, தெரிந்தால் வேலை போகும். 'என் சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தங்கைக்கு என்றால் சொந்த உபயோகம்தானே என்று நினைத்துப் போட்டேன்.

நேற்று அந்தப் பையோடு சந்தைக்குப் போய், இலை வெளியே தெரிய இரண்டு கட்டு முள்ளங்கி வாங்கி வந்தேன். மொசியே காஸ்தான் எதிரே வந்தார். முள்ளங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வணக்கம் சொல்லாமல் போனார். வருடக்கணக்கில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பகல் ரயிலில் ப்ரெஸ்டுக்கு வருகிறேன். பையை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில் நிறையச் சாமான் இருக்கும், என் முழங்காலும் சரியில்லை. ஸ்டேஷனுக்கு வா. பையின் ஒரு காதை நீ பிடித்துக்கொள், மற்றதை நான் பிடித்துக்கொள்கிறேன். ரொட்டிக் கடைத் தெரு வழியாகவே வீட்டுக்குப் போவோம்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

உன் அக்கா,
அன்னிக்