கால் முளைத்த கினுக்கோ

28 ஆகஸ்ட், வியாழன்

காலையிலிருந்து மழை. பொம்மை அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றியாயிற்று. மேக்கப் பிரஷ்ஷால் தூசியும் தட்டியாயிற்று. மிச்சம்: ஜன்னல் திரை துவைக்க, கினுக்கோ சாவிக்கொத்துகளைத் துடைக்க, மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டாக்ஸ் கட்ட.

ஆடி முடிந்ததுதான் தாமதம், அம்மா தொடங்கிவிட்டாள். ஞாயிறு மெர்டேக்கா, சுதந்திர தின லீவில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். குருபோங் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளை பெயர் சரவணன், ஃபேக்டரியில் சூப்பர்வைசர்.

"இந்தப் பேய்ப் பொம்மைங்கள எல்லாம் எடுத்து உள்ள வை லா. பாக்கிறவங்க என்னா நெனப்பாங்க?"

பேய்தான். யார் இல்லை என்றது? தான் செத்துப்போனது தெரியாமலே ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள் கினுக்கோ. வீட்டுக்காரப் பையனோடு தினமும் சண்டை, பிறகு காதல். கோபம் வந்தால் அவள் கால் மறைந்துவிடும். பதினான்கு ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகம், மலாய் மொழிபெயர்ப்பில். பல் கிளினிக் கவுண்டரில் நாள் முழுக்க ஊரார் முனகலைக் கேட்டுவிட்டு வந்து, இதைப் படித்துத்தான் சிரிக்கிறேன்.

கோபத்துக்கெல்லாம் கால் மறையும் என்றால் இந்த வீட்டில் நான் நடக்கவே முடியாது.

29 ஆக., வெள்ளி

வெயில். கார்களில் எல்லாம் கொடி. கிளினிக்கில் கூட்டம். மூன்று நாள் லீவு என்றால்தான் எல்லோருக்கும் பல் வலிக்கும்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி என் அலமாரியில் கை வைத்திருக்கிறாள். சாவிக்கொத்து, பேட்ஜ், அட்டை போல நிற்கும் பிளாஸ்டிக் கினுக்கோக்கள், எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில். அள்ளிப் போட்டிருக்கிறாள், கடலைப்பருப்பு மாதிரி. இரண்டில் கீறல். கத்தினேன்.

"உன் நல்லதுக்குத்தானே செய்றேன்" என்றாள். எல்லா அநியாயமும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருகிறது.

பொம்மைகள் இருக்கும் பெரிய பெட்டிகளைத் தொட விடவில்லை. கடைசியில் அம்மாவின் தீர்ப்பு: பெட்டிகள் அலமாரியிலேயே இருக்கட்டும், யாராவது கேட்டால் கவினுடையது என்று சொல்லிவிடலாம். கவின் அண்ணன் மகன், ஒன்பது வயது. பேசாமல் இருந்தால் அவனுக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கித் தருவார்களாம்.

"அத்த, நான் காடி ஓட்டித்தான் வெளாடுவேன். பொண்ணு பொம்மையெல்லாம் வெளாட மாட்டேன்."

அவனுக்கும் மானம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. சரி என்றுவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

31 ஆக., ஞாயிறு

இன்னும் கோபம் தணியவில்லை.

ராகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சரவணன், அவர் அம்மா, அக்கா, அக்காவின் ஐந்து வயது மகள். கேசரி, வடை, தேத்தண்ணி. சரவணன் பார்க்க நல்ல மாதிரிதான். கொஞ்சம் பேசினோம். பிறகு அலமாரி பக்கம் திரும்பினார்.

"யாரோடது இதெல்லாம்?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா: "எங்க பேரனோடது. அவன் ஒரு பொம்மப் பைத்தியம்."

கவின் தரையைப் பார்த்தான். நானும் அவனைப் போலவே.

அந்தப் பாப்பா ஒரு பெட்டியைக் காட்டி விரல் நீட்டியது. கால் முளைத்த கினுக்கோ. கடைசிப் புத்தகத்தில், காதலைச் சொன்ன பிறகு, கால் இனி மறையாமல், முதல் முறையாகச் செருப்புப் போட்டு நிற்பாள். அந்தக் கோலத்தில் ஒரே ஒரு தடவைதான் பொம்மை விட்டார்கள். முன்பதிவு செய்து ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கினது. பெட்டியின் ஒட்டுத்தாளை நானே இன்னும் பிரிக்கவில்லை.

அம்மா அதை எடுத்தாள். கொடுத்தாள்.

"வெச்சிக்கம்மா. கவின் அண்ணாகிட்டதான் நெறைய இருக்கே."

பாப்பா ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தது. சரவணனின் அம்மா பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? "இன்னொரு வடை எடுத்துக்குங்க" என்றேன். என் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் அந்த வடையை.

போகும்போது பாப்பா கையில் கினுக்கோ, தலைகீழாக. அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம்.

1 செப்., திங்கள்

லீவு. மழையும் இல்லை வெயிலும் இல்லை. சாப்பிடவில்லை.

"அதத் திருப்பி வாங்கணும்மா."

"ஒரு பொம்மைக்குப் போயி கல்யாணத்தக் கெடுத்துக்குவியா? உனக்கு என்னா வயசாவுது?"

"முப்பத்தாறு."

அம்மா துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

மாலையில் சரவணன் மெசேஜ். பாப்பா பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாளாம். கவினுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னார். கவினுக்கு. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

2 செப்., செவ்வாய்

வேலை முடிந்து நேரே குருபோங். வழியெல்லாம் மழை. கதவைத் திறந்தது சரவணன்தான்.

வாசலில் சொட்டச் சொட்ட நின்று சொன்னேன்: "அந்தப் பொம்ம கவினோடது இல்ல. அலமாரியில இருந்தது எல்லாமே என்னோடது. அம்மா பொய் சொன்னாங்க, நானும் சும்மா இருந்துட்டேன். எனக்கு அது திருப்பி வேணும்."

சிரித்தார். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளையிடம் சிரிக்கிற சிரிப்பு.

"பாப்பாகிட்டேர்ந்து புடுங்கணுமாங்க? உங்களுக்கு நான் வேற நல்ல பொம்மையா வாங்கித் தரேன்."

"அத உங்க பாப்பாவுக்கு வாங்கிக் குடுங்க."

சிரிப்பு நின்றது. உள்ளே போய் எடுத்து வந்தார். பின்னாலேயே பாப்பா, ஓவென்று அழுதுகொண்டு. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒரு செருப்பு இல்லை. முடியில் கேசரி. பெட்டி என்ன ஆனதென்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போக மனமில்லாமல் மோட்டாரில் தெங்கேரா வரை சுற்றிவிட்டு வந்தேன்.

3 செப்., புதன்

மேகம். காலையிலேயே சரவணனின் அம்மா போன். இந்தச் சம்பந்தம் வேண்டாமாம். அம்மா என்னோடு பேசவில்லை, பாத்திரங்களோடு பேசுகிறாள். கிளினிக்குக்கு உடம்பு சரியில்லை என்று எம்.சி.

கூடத்தில் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் கினுக்கோ முடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியம்மாவிடம்: "ஆமாக்கா, சரியா வரல. ஜாதகத்துல ஏதோ இடிக்குதாம்."

அண்ணி தலையை ஆட்டினாள், ஜாதகத்தைப் பார்த்தவள் போல.

எழுந்து போய்ப் போனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஜாதகம் இல்ல பெரியம்மா. பொம்மைக்காக. என் பொம்ம."