மணமக்களுக்கு நெய்த திரை

மச்சான்,

இன்று கொழும்பில் ஒரு நடனக் கிளப்பின் மேடையில் ஏறி, நீ நெய்த திரையை முகர்ந்து பார்த்தேன். ஒரே சிகரெட் நாற்றம். அதற்கடியில் நம் மருதமுனைத் தறிக் கொட்டிலின் கஞ்சி மணம் இன்னும் இருக்கிறதென்று என் மூக்கு அடம்பிடித்தது. சிரிக்காதே.

அந்தக் கிளப்பைப் பாதுகாக்க வேண்டிய மரபிடமென்று மாநகர சபை அங்கீகரித்திருக்கிறது. பெரிய பெரிய பாட்டுக்காரர்கள் பாடிய மேடையாம். பித்தளைப் பலகையில் திரையை நெய்தவரின் பெயரும் வேண்டுமென்று ஓர் அதிகாரி நம் தறிக் கொட்டிலைத் தேடிப்பிடித்து, போன வாரம் எனக்குப் போன் எடுத்தார். பிறகு சொல்கிறேனென்று போனை வைத்துவிட்டேன்.

அன்று திரைக்கு ஓடர் தந்த வியாபாரி "பெரிய மண்டபத்துக்கு" என்றுதான் சொன்னான். மண்டபமென்றால் நமக்குக் கல்யாணம்தானே! நீயும் அடிக்கரை நெடுக "மணமக்கள் வாழ்க" என்று எழுத்துப் போட்டாய். திரை குடியும் கூத்துமான கிளப்பில் தொங்குகிறதென்று தெரிந்த அன்று தலையில் கை வைத்துக் குந்திவிட்டாய்.

"உம்மாக்குத் தெரிஞ்சா உசிர விட்டுருவா. எண்ட பேர் வெளிய வரப்படாது மச்சான்."

சத்தியம் செய்து தந்தேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்பது வருடம். உன் உம்மா இன்னும் இருக்கிறார்.

பெயரைச் சொன்னால் உனக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்த வேலை ஆளில்லாத வேலை. இரண்டு நாள் இதே யோசனை. கடைசியில் உம்மாவிடமே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஏசவில்லை.

"என்னக் கூட்டிட்டுப் போ மனே. பாக்கோணும்."

காலை பத்து மணி, கிளப்பில் கூட்டமில்லை; போன் எடுத்த அதிகாரியும் இரண்டு வேலையாட்களும்தான். உம்மா பிஸ்மி சொல்லி, வலது காலை வைத்து உள்ளே வந்தார். விளக்கைப் போட்டார்கள். அல்லாஹ்வே! கூரையிலிருந்து தரைவரை ஒரே சிவப்பு, இடையிடையே பொன் இழை. தறியில் துண்டு துண்டாகத்தான் கண்டிருக்கிறேன். கொழும்பில்தான் சேர்த்துத் தைத்து மூட்டினார்கள், முழுதாக நீயே கண்டதில்லை. எங்களோடு தேத்தண்ணி குடித்துக் கொண்டு, சீனி போதாதென்று சண்டை பிடித்த நீயா இதை நெய்தாய்?

உம்மா கரையை விரலால் தடவி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மாப்பிள பொண்ணு ஆருடா இஞ்ச?" என்று சிரித்தார். பிறகு அந்தத் துணியிலேயே முகத்தை வைத்து அழுதார். "இவ்வளத்தையும் என்னட்ட ஒளிச்சிட்டானே, கள்ளன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். நான் உம்மாவைப் பார்த்தேன்.

"சொல்லு மனே. அவண்ட வாப்பாட பேரையும் சேத்துச் சொல்லு."

சொன்னேன் மச்சான், எழுத்தெழுத்தாக, மண்டபம் அதிர. சத்தியத்தை முறித்த பாவம் என்னோடு இருக்கட்டும். உன் பெயர் அங்கே இருக்கட்டும்.