நடிப்பல்ல, வலி

பொம்மிடி,
12.8.1976

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை.

மதராஸில் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு மாரண்டஹள்ளி திரும்பியதிலிருந்து, படுத்தாலே எனக்கு நெஞ்சு குத்தியது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. நீங்களோ, "மிஷின் வச்ச பொறவும் என்னடி நடிப்பு? எந்திரிச்சு அடுப்பப் பாரு" என்றீர்கள்.

அண்ணன்தான் வந்து என்னை மறுபடி மதராஸுக்கு ரயிலேற்றினார். மிஷினின் கம்பி உறுத்தி, இதயத்தைச் சுற்றிய உறை வீங்கி நீர் கோத்திருந்ததாம். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். அன்றுதான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.

எப்போது வருவேன் என்று இங்கே அண்ணன் வீட்டுக்கு உங்கள் ஆள் மரியசூசையிடம் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று மதராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "எனக்கு அப்படி யாரும் இல்லீங்க" என்றேன். அண்ணன் தலை குனிந்தார். நான் குனியவில்லை.

இனி ஆள் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
என் அண்ணனின் தங்கை