சர்க்கரை என்றால் சீனி

நேற்று மாலை நான்கு மணிக்கு ஒரு முடிவெடுத்தேன். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பின்விளைவுகளையெல்லாம் எடைபோட்டு, இனி காப்பியில் சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று தீர்மானித்தேன். காப்பிக்கடைக்காரர் "சக்கரையா சார், நெசமாவா?" என்று கேட்டபடி பழுப்புப் பொடியைக் கரண்டியில் அள்ளினார். அந்த வெல்ல வாசனையில் என்னால் உட்கார முடியவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மின்வெட்டுக் காலம், 2008. உத்தமபாளையத்தில் நாம் வேலை பார்த்த கல்லூரியில் நீ உயிர்வேதியியல், நான் தமிழ். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போடும் நொதி ஒன்றை எட்டு மாதம் பாடுபட்டுப் பிரித்தெடுத்திருந்தாய். சூடு பட்டால் அது கெட்டுவிடும். கல்லூரி ஃப்ரிட்ஜ் பாதி நாள் வெறும் அலமாரி. ஐஸ் இல்லாமலே மதுரை ஆய்வகம்வரை நொதி கெடாமல் போகும் என்று காட்டினால்தான் உன் முனைவர் பட்டப் பதிவை நீட்டிப்பார்கள்.

"நொதிங்கிறது மடிப்புக் கலையாத வேட்டி கட்டுன பெரிய மனுசன் மாப்ளே," என்று விளக்கினாய். "மடிப்புக் கலைஞ்சா வேலைக்கு ஆகாது. சுத்திச் சின்னச் சின்ன ஆளுக நெருக்கி நின்னா கலையாது. அந்தச் சின்ன ஆளுதேன் ட்ரெஹலோஸு, ஒரு தினுசு இனிப்பு."

ட்ரெஹலோஸ் பார்சல் வரவில்லை. புறப்படும் நாள் காலை சென்னையிலிருந்து உன் வழிகாட்டி அம்மையார் அழைத்தார். நீ வகுப்பில் இருந்தாய். போனை எடுத்தவன் நான். "சாதா சர்க்கரையே போதும், சுத்தமா இருக்கணும்னு சொல்லிடுங்க." நான் சொல்வதோடு நிற்கவில்லை. கடைவீதிக்கே ஓடி, இருப்பதிலேயே சுத்தமானதாக அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்தாய். உள்ளே பழுப்புப் பொடி. "ஏலே, என்னது இது?"

"சர்க்கரை. மேடம்தான் சொன்னாக."

"அவுக மெட்ராஸ்காரவுக. அங்கன சர்க்கரைன்னா சீனி. இதப் போட்டு நொதிக்குப் பொங்கலா வைக்கிறது? பெரிய தமிழ் வாத்தியாரு!"

நீயே போய்ச் சீனி வாங்கி, கரைத்து, வடிகட்டி, பாதிக் குப்பிகளில் கலந்தாய். மீதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விட்டாய். அதற்குள் பதினொரு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் பஞ்சர். குப்பிகள் இருந்த பெட்டியைத் திறந்தாய், மூடினாய், மறுபடி திறந்தாய்.

"சும்மா இரு மாப்ளே," என்றேன்.

"நீ பேசாத," என்றாய்.

போய்ச் சேர்ந்தபோது ஆய்வகம் பூட்டியிருந்தது.

மறுநாள் காலையில்தான் சோதித்தார்கள். வெறும் குப்பிகளில் நொதி செத்திருந்தது. சீனி கலந்த குப்பிகளில் வேலை செய்தது. மூன்று மணி நேரம் தாங்கினால் போதும் என்று கிளம்பியது, ஒரு நாள் தாங்கியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் "போக்குவரத்து" என்று குறிப்பேட்டில் எழுதினாய். என் பங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பதிவை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருந்தபோது நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். "நீங்கதேன் வச்சுக்கிரணும் அண்ணே," என்று உன் மனைவி அந்தக் குறிப்பேட்டை என்னிடம் தந்தார். அடிக்கடி எடுத்துப் புரட்டுகிறேன். உன் எண்கள் எனக்குப் புரியவில்லை. மூடி வைக்கவும் முடியவில்லை.

ஆய்வேடு வந்து சேராததால் 2010இல் பல்கலைக்கழகம் பதிவை ரத்து செய்தது. கடிதம் உன் பெயருக்குக் கல்லூரி முகவரியில் வந்தது. நான் கையெழுத்திட்டு வாங்கினேன்.