பௌதி திருப்பிப் போட்ட கடலை

டிசம்பர் 14, ஞாயிறு. டாக்குரியா, கொல்கத்தா.

விதையில் கதிர்வீச்சு செலுத்தி எங்கள் ஆய்வகத்தில் உருவாக்கிய புது ரகக் கடலையைக் கொஞ்சம் வறுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் எதிர்வீட்டு பௌதி வந்தார்; அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ரேடியேஷன் பட்டதாச்சே திதி, சாப்பிடலாமா?" என்று, அக்கா முறை வைத்து, பெங்காலியில் கேட்டார்.

எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். கதிர் பட்டது எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய விதையில். இந்தக் கடலையில் அது துளிகூடக் கிடையாது. அவர் என்னை நம்பி ஒரு கை அள்ளிக்கொண்டார்.

அப்போது நித்யா வந்து கிண்ணத்தில் கை வைத்தாள். என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். யோசிக்கவே இல்லை, கிண்ணத்தை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

"ஏம்மா?"

"கடலை பித்தம்டி. உனக்கு வேண்டாம்."

பித்தமாம்! எழுதவே கூசுகிறது.

பௌதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மெல்வதை நிறுத்திவிட்டார். கையில் மிச்சமிருந்ததைச் சத்தமில்லாமல் கிண்ணத்தில் போட்டுவிட்டு, நித்யாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

அவர் போய், நித்யாவும் உள்ளே போனபிறகு அத்தனை கடலையையும் நானே தின்று தீர்த்தேன். அதைப் பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை.