மூடி வைத்த புல்

ஆட்டுப்பட்டி, பாலைவனம்
9.2.2025

கர்த்தருக்குள் பிரியமான நதியாவுக்கு, ஜான்சன் எழுதுவது.

முதலாளி என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். தண்ணீர் லாரி ஓட்டும் ஆஸிம் நம்ம காஞ்சிபுரத்து ஆள். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். டிரைவர் வேலை என்று அழைத்து வந்து ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. புல் அழிகிறது என்று இங்கே அரசாங்கம் பாதி நிலத்தை அடைத்துவிட்டது. அந்த அடைப்புக்குள்தான் முதலாளி என்னை அனுப்புகிறார். பிடிபட்டால் எனக்குத்தான் ஜெயில். வண்டிச் சத்தம் கேட்டாலே ஆடுகளுக்கு நடுவே குனிந்து ஒளிந்துகொள்கிறேன். எனக்காக ஜெபம் பண்ணு. கிளம்பும்போது போட்ட சண்டையை மனதில் வைக்காமல் பதில் எழுது.

உன் ஜான்சன்

மாகறல்
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபம் எப்போதோ போய்விட்டது. ஆஸிமின் தங்கை ஷாஸியா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நம்ம ஏரிப்புறத்து மேய்ச்சல் நிலத்திலும் அரசுத் திட்டம் வந்து, புல் திரும்ப வளரட்டும் என்று பாதியை மூடியிருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், நன்றாகத் துளிர்த்திருக்கிறது. காவல் குழுவில் நானும் ஒருத்தி. போன வாரம் மூடிய பக்கத்தில் ஆடு விட்ட கதிர்வேலை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஆடுகள் பிள்ளையார்பாளையத்துப் பட்டுக்கடைக்காரர் மாணிக்கவாசகத்தினுடையவை. கதிர்வேல் கூலிக்கு மேய்ப்பவர். “ஓனர் சொன்னாரும்மா, நான் இன்னா பண்ணுவேன்” என்று கும்பிட்டார். மேய்த்தவருக்குத்தான் தண்டனை என்பது குழு போட்ட விதி. அதற்கு நானும் கை தூக்கியிருந்தேன். போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது.

பயமாக இருக்கிறது மாமா. அடைப்புக்குள் போகாதீர்கள். அடித்தாலும் போகாதீர்கள்.

உங்கள் நதியா

மாகறல்
30.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஸிம் ஷாஸியாவிடம் போனில் பேசினாராம். பட்டியில் ஆடும் இல்லை, ஆளும் இல்லையாம். நான் எழுதியது அவர் பையிலேயே இருக்கிறதாம். முதலாளி எதுவும் சொல்ல மறுக்கிறாராம். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் குழுவில் சண்டை போட்டு விதியை மாற்ற வைத்தேன். இனி ஆட்டுக்குச் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். கதிர்வேலுக்கு அது உதவாது. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் உள்ளேயே இருக்கிறார். மாணிக்கவாசகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் கதிர்வேலின் மனைவி புவனேஸ்வரி என் கூடவே நடந்து வந்தாள். உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டாளாம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரையும் யாராச்சும் புடிச்சுக் குடுத்துட்டாங்களாமா?” என்று கேட்டாள்.

யாரும் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள் மாமா.

நதியா